அம்மா நிலாவைப் பற்றிப் பேசவில்லை

நிலாவை எடுத்துவிடுங்கள் என்று டைரக்டர் பெர்த்ரானுக்கு நான்கு மின்னஞ்சல் எழுதினேன். நான்குக்கும் ஒரே பதில்தான்: "ஆனால் அழகாக இருக்கிறதே!" இருக்கட்டும், யார் இல்லை என்றது? என் அம்மா அதைச் சொல்லவில்லை என்பதுதான் என் வழக்கு.

திரைக்கு அடியில் ஓடும் மொழிபெயர்ப்பு வரிகளை எழுதுவது என் தொழில். பாரீஸில் சீன வாசனையோடு எந்தப் படம் எடுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பதினைந்து வருஷமாக இந்த ஊர்ப் படங்களிலும் நாவல்களிலும் வருகிற சீனர்களோடு குடித்தனம் நடத்திவருகிறேன். அவர்களில் ஒருத்தருக்காவது பல் வலித்து நான் பார்த்ததில்லை. ஒருத்தர்கூட பஸ்ஸைத் தவறவிட்டதில்லை. தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருப்பார்கள். நாவல் என்றால் அட்டையில் விசிறிக்குப் பின்னால் பாதி முகம். அம்மாக்காரி நூறாம் பக்கத்துக்குள் செத்துப்போவாள், அதுவரை வாயே திறக்கமாட்டாள். பாரீஸில் சீனர்கள் நிறைந்த பெல்வில் பேட்டையில் நான் வளர்ந்த தெருவில் வாய் திறக்காத அம்மா ஒருத்தியைக் காட்டட்டும், இந்தத் தொழிலையே விட்டுவிடுகிறேன்.

பெர்த்ரானின் படமும் அப்படி ஒரு நாவலிலிருந்து வந்ததுதான். பெயர் 'மூங்கில் அழுவதில்லை'. மகள் ஒரு பிரெஞ்சுக்காரனோடு போய்விடுவாள், அம்மா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அம்மா வேஷத்துக்கு "நிஜமான முகம்" வேண்டும் என்று எங்கள் தெருவுக்கே வந்துவிட்டார். முதலில் பக்கத்து வீட்டுப் பான் அக்காவைப் பார்த்தார். அவள் முடியைச் சுருட்டிவிட்டிருந்தது சீனத்தனமாக இல்லையாம். பான் அக்காவை வேண்டாம் என்றுவிட்டார்கள் என்று காதில் விழுந்ததும் என் அம்மா சரி என்றுவிட்டாள். அவளுக்கும் சுருட்டிவிட்ட முடிதான். அன்றைக்குத் தொப்பி போட்டிருந்தாள், தப்பித்தாள்.

"எனக்குக் கொண்டை போட்டு விட்டுட்டான்டி," என்று படப்பிடிப்பு முடிந்து வந்து புலம்பினாள். "எங்க ஊர்ல இந்தக் கொண்டைய நான் யார் தலையிலயும் பாத்ததில்ல. மெஷினு வேற கால்ல மிதிக்கிறது! எந்தக் காயலான் கடையில புடிச்சானோ. முப்பது வருஷம் கரண்டு மெஷின்ல தோல்பை தச்சவ நான். அதுல நூல்கூடக் கோக்கல."

"வசனம் என்ன?"

"வசனமா? 'உங்க பாஷையில என்ன வேணா பேசுங்க, அடியில நாங்க எழுதிக்கிறோம்'னான். பேசிட்டு வந்தேன்."

"என்ன பேசின?"

"என்னத்தையோ. சூப்பு ஆறுது, குடி."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எழுதும்போது அம்மா என்பேன், பிறரிடம் பேசும்போதும் அம்மா என்பேன். நேரில் மட்டும் அவளை எதுவும் சொல்லிக் கூப்பிடமாட்டேன். "சாப்பாடு ஆச்சா?", "சாவி எங்க?" என்று நேராக விஷயத்துக்கு வந்துவிடுவேன். எனக்கு இரண்டு வயதானபோது என்னைச் சீனாவில் எங்கள் ஊரான வென்ஜோவில் மாமா வீட்டில் விட்டுவிட்டு அவள் பாரீஸுக்கு வந்தாள். நான் வந்து சேர்ந்தது ஒன்பது வயதில். முப்பது வருஷமாக அந்த வார்த்தை இல்லாமலே குடும்பம் நடந்துவிட்டது. அவளும் ஏன் என்று கேட்டதில்லை.

மூன்று வாரம் கழித்து அந்தக் காட்சி என் மேஜைக்கு வந்தது. ஒரே காட்சியை ஏழு தடவை எடுத்திருந்தார்கள். முதல் தடவையில் அம்மா மெஷினைத் திட்டுகிறாள். இரண்டாவதில் கொண்டையை. மூன்றாவதில், "இந்தப் பொண்ணு கை ஐஸா இருக்கு, இதுக்கு யாரும் சோறு போடலியா?" என்கிறாள். அந்தப் பெண் மகளாக நடிக்கும் சொலென். கொரியாவில் பிறந்து, பிரான்ஸின் பிரிட்டனிக் கடற்கரையில் ஒரு மீனவர் வீட்டில் தத்துப்பிள்ளையாக வளர்ந்தவள். ஒரு சீன வார்த்தை தெரியாது. கண் ஒத்துப்போகிறது, போதும் என்று போட்டுவிட்டார்கள்.

பெர்த்ரான் தேர்ந்தெடுத்திருந்தது ஐந்தாவது தடவை எடுத்ததை. சொலென் மண்டியிட்டு அம்மாவின் கையைப் பிடிக்கிறாள். அம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்க்கிறாள். பிறகு எங்கள் வென்ஜோ பேச்சில், காய்கறி விலை சொல்கிற குரலில் சொல்கிறாள்:

"ஏர்போர்ட்ல நீ என்ன ஆன்ட்டின்னு கூப்பிட்ட. ஏழு வருஷம் கழிச்சுப் பாக்குறேன், பல்லெல்லாம் விழுந்து முளைச்சிருந்துச்சு. அம்மான்னு கூப்பிடுன்னு சொல்ல வாயத் திறந்தேன். சொன்னா அழுதுருவேன்னு உன் பைய வாங்கிக்கிட்டு முன்னால நடந்துட்டேன். அந்தப் பையில கனமே இல்ல."

ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். மறுபடி மாட்டிக்கொண்டேன். பதினொரு தடவை கேட்டேன், அழுதேன், கோபமும் வந்தது. முப்பது வருஷமாக என்னிடம் சொல்லாததை எவளோ ஒருத்தியிடம் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள்! பிறகு உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். திரையில் ஒரு நேரத்துக்கு இரண்டு வரிதான் நிற்கும், வரிக்கு நாற்பது எழுத்துதான் பிடிக்கும். பல் விழுந்து முளைத்ததைக்கூட விடாமல் உள்ளே நுழைத்தேன்.

மறுநாள் பெர்த்ரான் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அற்புதம் ரூயிங்! ஆனா ஏர்போர்ட் எங்கேர்ந்து வந்துச்சு? நம்ம படத்துல ஏர்போர்ட்டே கிடையாதே."

"அவங்க சொன்னது அதுதான்."

"ஆன்ட்டி வேற. படம் பாக்குறவங்க யார் அந்த ஆன்ட்டின்னு தேட ஆரம்பிச்சுருவாங்க. எனக்கு அவங்க முகத்துல நிலாதான் தெரிஞ்சுது. 'நிலா நதியில் கரைகிறது, மகளே.' எப்படி?"

"உங்களுக்கு எங்க பேச்சு தெரியுமா?"

"பேச்சு எதுக்குங்க, முகம் இருக்கே! சீன அம்மாக்கள் எதையும் நேரா சொல்லமாட்டாங்க. அதுதானே உங்க கலாசாரம்?"

"எங்கம்மா நேராத்தான் சொல்லியிருக்காங்க. உங்க கேமராவுக்கு முன்னாடியே சொல்லியிருக்காங்க."

"நீங்க ரொம்பக் கிட்ட இருக்கீங்க. அதான் உங்களுக்குத் தெரியல."

இதில் எனக்கு எரிச்சல் எங்கே என்றால், அந்த ஆள் சொன்னதில் பாதி சரி. முப்பது வருஷம் அவள் சொல்லவில்லைதான். ஆனால் அதற்குக் காரணம் மூங்கிலும் இல்லை, நிலாவும் இல்லை. ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரம் மெஷின் சத்தம், வீட்டுக்கு வந்தால் உட்கார்ந்தபடியே தூக்கம். இதையெல்லாம் சொன்னேன். அதுவும் ரொம்ப அழகாக இருக்கிறது என்றார். என் பெயரைப் படத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். அதை மட்டும் உடனே செய்தார்.

படத்தை முதலில் எங்கள் தெருவுக்குப் போட்டுக் காட்டினார்கள். பெல்வில்லில் சின்னத் தியேட்டர், ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. முன்வரிசைகளில் பெர்த்ரானின் நண்பர்கள், பின்னால் நான்கு வரிசை நிறைய நாங்கள். குறை கண்டுபிடிப்பதற்கென்றே பான் அக்கா முதல் ஆளாக வந்து தர்ப்பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். அம்மா வரும் வழியில் முட்டை வாங்கி, பையை மடியில் வைத்திருந்தாள்.

காட்சி வந்தது. அம்மா பேசினாள். முன்வரிசைகள் அடியில் நிலாவைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டன. பின்னால் கொறிக்கிற சத்தம் நின்றது. பிறகு பான் அக்கா, வீட்டில் பேசுகிற மாதிரியே சத்தமாக, "எம் பெரியவன் என்னப் பாத்துட்டுக் கதவுக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கிட்டான்," என்று சொல்லி ஓவென்று அழுதாள். அவளைத் தொடர்ந்து இரண்டு வரிசை அழுதது. அந்த நான்கு வரிசையில் பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வராதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முன்னாலிருந்து ஒருத்தர் திரும்பி எங்களைப் பார்த்து "உஷ்!" என்றார்.

அம்மா மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அடியில என்ன எழுதியிருக்கான்?" என்று என் பக்கம் சாய்ந்தாள்.

"நிலா நதியில கரையுதாம்."

"எந்த நிலா?"

"தெரியல."

"பகல்லதானடி எடுத்தான்?"

படம் முடிந்ததும் பெர்த்ரான் எங்களிடம் வந்து, இரண்டு கையும் கூப்பி அம்மாவைக் குனிந்து வணங்கினார். எங்களில் யாரும் யாரையும் அப்படி வணங்குவதில்லை. அம்மா பின்னால் திரும்பி யாரை வணங்குகிறார் என்று பார்த்தாள். அவர் என் தோளைத் தட்டினார். "பாத்தீங்களா ரூயிங்? உங்க ஆளுங்களே அந்த நிலாவுக்கு அழுதுட்டாங்க!"

வாயில் வந்ததைக் கொட்டியிருப்பேன். அதற்குள் அம்மா என் சட்டைக் கையை இழுத்தாள். "என்னங்கிறான்?"

"நீ நல்லா நடிச்சியாம்."

"அடுத்த தடவையாவது ஊசியில நூல் கோத்து வைக்கச் சொல்லு."

அதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் பிரெஞ்சில் சொன்னேன். பெர்த்ரானுக்குக் கண் கலங்கிவிட்டது. சின்ன நோட்டு ஒன்றை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

தெருவில் நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தோம். அம்மா கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருந்தாள், கையில் பை. மருந்துக்கடை தாண்டியதும் கேட்டேவிட்டேன்.

"அத ஏன் அந்தப் பொண்ணுகிட்டப் போய்ச் சொன்ன?"

"அவளுக்குப் புரியாதுல்ல. அதான் சொல்ல வந்துச்சு."

"அடியில எழுதப்போறது நான்தான்னு தெரியும்ல?"

"தெரியாம என்ன."

சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள். நான் ஓடிப்போய் அவள் கையருகே வந்தேன்.

"அம்மா, பைய இங்க குடு."

நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பையின் பிடியை இரண்டு தடவை சரிசெய்துவிட்டு என் கையில் மாட்டினாள்.

"முட்டை இருக்கு," என்றாள். "பாத்துப் புடி."