பேய் பிடிச்சிருக்கு

தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. காலை ஷிப்ட் முழுக்க ஈரப் படுக்கை விரிப்புகளை மூலை பிடித்து உதறி, கொதிக்கிற உருளைக்குள் தள்ளித் தள்ளி, வலது கை தன்னுடையதுதானா என்று சந்தேகம் வருமளவுக்கு மரத்துக் கிடந்தது. சாவியைத் துழாவவும் தெம்பில்லாமல் கதவில் நெற்றியைச் சாய்த்து நின்றாள். சலவைக் கம்பெனியில் அவளுக்கு ரோலர் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயரைச் சொன்னால்தான் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று யோசிப்பாள்.

உள்ளே பேச்சுச் சத்தம். ஒன்று மகள், இன்னொன்று மாடிவீட்டுப் பெண். சேர்ந்து படிக்கிறார்களாம்.

"எனக்குப் பேய் பிடிச்சிருக்குடி" என்றாள் மகள்.

"போடி. பேயை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவ? எனக்கு நரிதான்."

"நரி சிரிச்சுக்கிட்டே கவுத்துடுவான். பேய் அப்படி இல்ல. பகல்ல கண்ணுல படமாட்டான். இருட்டினாத்தான் வேலையே. ஜன்னல் பக்கம் வந்து நின்னு, உள்ள வரலாமான்னு கேட்டான் பாரு, அங்கேயே நான் காலி."

"வயசை மறந்துட்டியா?"

"பாத்தா பதினேழு மாதிரிதானே இருக்கான்? நிஜ வயசு யாருக்கு வேணும்?"

இரண்டும் கெக்கெக்கே என்று சிரித்தன.

வேறு எந்தத் தாயாவது கேட்டிருந்தால் பெண்ணுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று அலறியிருப்பாள். ரோலருக்கு அந்த நினைப்பே வரவில்லை. அவள் வேலை பார்க்கிற இடத்தில் கொதிகலன் பார்க்கிறவன் பெயர் பேய். முகத்திலும் முடியிலும் எந்நேரமும் சாம்பல் அப்பியிருக்கும். அதனால் வந்த பெயர். இருட்டினால் வேலைக்கு வருவான், விடிந்தால் போவான். முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாதவன். மீசை சரியாக முளைக்காததால் பையன் மாதிரி இருப்பான். ஸ்டோர் பார்க்கிறவருக்குத்தான் நரி என்று பெயர். நரிக்குப் பேத்தி இருக்கிறாள், தொப்பையைத் தாண்டிக் குனிய முடியாது. மாடிவீட்டுப் பெண் அந்த நரியையா என்று ஒரு நொடி இடறியது. இடறியதையும் சந்தேகம் விழுங்கிக்கொண்டது. இந்தக் காலத்தில் எதைத்தான் நம்புவது?

போன மாதம் அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பையை மகள்தான் காலையில் கொண்டுவந்தாள். கேட்டருகே வாங்கிக்கொண்டவன் பேய். "உங்க பொண்ணா? நல்லாப் பேசுது" என்று சொல்லித்தான் கொடுத்தான். அன்றைக்குச் சாதாரணமாகக் காதில் விழுந்த வார்த்தை இன்றைக்குப் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி உறுத்தியது.

லாரி ஓட்டப் போன புருஷன் வழியில் வேறொரு வீட்டில் இறங்கிக்கொண்டு ஒன்பது வருஷம் ஆகிறது. அதிலிருந்து அவள் ஆண்களின் பேச்சை எடைபோட்டுத்தான் காதில் வாங்குவாள்.

கதவைத் திறந்தாள். மாடிவீட்டுப் பெண் ஏதோ புத்தகத்தைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு, "வரேன் ஆன்ட்டி" என்று நழுவினாள். மகளின் கண் சிவந்திருந்தது. தூக்கம் கெட்ட கண்.

சாப்பிடும்போது ஆழம் பார்த்தாள்.

"எங்க கம்பெனிப் பேய்க்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருச்சாம். போறானாம்."

மகளுக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டுச் சிரித்தாள். "பேய்க்கெல்லாம் எதுக்கும்மா வேலை?"

"என்னடி சிரிப்பு?"

"ஒண்ணுமில்லம்மா. உனக்குச் சொன்னா புரியாது."

போதும். ரோலருக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. எழுந்துபோய் ஜன்னல் கொக்கியை இழுத்துப் பார்த்தாள். இற்றுப்போன கொக்கி, ஒரு சுண்டு சுண்டினால் திறந்துகொள்ளும். இத்தனை வருஷம் இது கண்ணில் படவில்லையே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. ஒரு துணிக்கயிற்றை எடுத்து நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

மறுநாள் காலை ஷிப்ட் மாறுகிற நேரம். இரவில் வெளுத்த விரிப்புகளைத் தள்ளுவண்டியில் அடுக்கி, உருளை அறைக் கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே தள்ளுவது பேயின் கடைசி வேலை. கதவு திறந்தே இருந்தாலும் தட்டுவான். அன்றும் தட்டினான்.

"என்னடா தட்டுற? கதவைத் தட்டுறவன் ஜன்னலை ஏண்டா தட்டுற?"

விரிப்பு மடிக்கிற பெண்கள் கையை நிறுத்தினார்கள். எதிர்முனை பிடிக்கிற லொடலொட என்பவள் வாயைக்கூட நிறுத்தினாள்.

"என்னக்கா சொல்றீங்க?" என்றான் பேய்.

"அக்காவா? அக்கா பொண்ணுன்னு தெரியலையா உனக்கு? படிக்கிற புள்ளைகிட்ட வயசை மறைச்சு, இருட்டுல வந்து நின்னு… சாம்பலைக் கழுவிட்டு மூஞ்சியைக் கண்ணாடில பாத்திருக்கியாடா?"

அவன் நகராமல்தான் நின்றான். இருந்தாலும் ஓடிவிடுவானோ என்று மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த கை சுட்டது. விடியவிடிய அடுப்புக்கு முன்னால் நின்ற கை, காய்ச்சல்காரன் கை மாதிரி. மனசு சட்டென்று ஒரு படி பின்வாங்கியது, வாய் பின்வாங்கவில்லை. ஓடத் தொடங்கிய உருளை மாதிரி, உள்ளே போன துணி மறுபக்கம் வந்தே தீரும். இன்னும் நாலைந்து வார்த்தை வந்தது. எல்லாம் அசிங்கமான வார்த்தை.

"உங்க பொண்ணை ஒரே தடவைதான் பாத்திருக்கேன். கேட்டுல" என்றான் அவன். வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டான்.

"ரோலரு, நிஜமாவா?" என்றாள் லொடலொட. மத்தியானத்துக்குள் செய்தி ஸ்டோர் வரைக்கும் போய்விட்டது. நரி வெளியே வந்து, "அந்தப் பய அமுக்குணின்னு எனக்கு முன்னாடியே தெரியும்" என்று தலையை ஆட்டினார். அவர் மூஞ்சியையும் ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

"அந்தப் பேயைக் கிழிச்சுத் தொங்கவிட்டுட்டு வந்திருக்கேன். இனிமே ஜன்னல் பக்கம் வரமாட்டான்."

மகள் விழித்தாள். "எந்தப் பேய்?"

"நடிக்காத. நேத்து நீ பேசினது பூரா என் காதுல விழுந்துச்சு."

மகள் படுக்கைக்கு அடியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து வந்தாள். அட்டையில் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே வெளிறிப்போன ஒரு பையன். புத்தகத்தின் முதுகில் 'மூன்றாம் பாகம்' என்றிருந்தது.

"இவன்தான் பேய். செத்து இருநூறு வருஷம் ஆச்சு. நரின்னா நரியா மாறுற பையன். ரெண்டு பேருக்கும் கதைல வர்ற ஒரே பொண்ணு மேல ஆசை. கிளாஸ்ல பாதிப் பேரு பேய்க் கட்சி, பாதிப் பேரு நரிக் கட்சி. இதைத்தாம்மா பேசிக்கிட்டிருந்தோம்."

ரோலர் அட்டையையே பார்த்தாள். மகளுக்குச் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில் நின்றது.

"அம்மா… நீ யாரைக் கிழிச்ச?"

சொன்னாள்.

"எல்லாரும் இருக்கும்போதா?" மகள் முகம் சுருங்கியது. "அன்னைக்கு, சாப்பாட்டுப் பை சூடா இருக்கு, கை சுடப்போகுது, இப்படிக் குடும்மான்னு வாங்கிக்கிட்டாரே, அவரையா?"

அதோடு அம்மாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

ரோலருக்குப் பழியைப் போட ஓர் ஆள் வேண்டியிருந்தது. புத்தகத்தின்மேல் போட்டாள். இதில் என்ன கருமம் இருக்கிறது என்று பிடித்துவிட வேண்டும், பிடித்தால் தன் பக்கம் கொஞ்சமாவது நியாயம் மிஞ்சும் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தாள். எழுத்துக்கூட்டுகிற வேகத்தில் முதல் பக்கத்திலிருந்து போனாள். ஒரு கதையைச் சொல்ல ஏழு பாகமாம்! ஒரே நடையில் தூக்க வேண்டிய சுமையை ஏழு நடையாக அடிக்கிறவன் எவ்வளவு பெரிய எத்தன்? ஒவ்வொரு அத்தியாயமும் கதவு இடுக்கில் விரல் மாட்டின மாதிரி முடிந்தது. வேண்டுமென்றே செய்கிறான் என்று தெரிந்தும் பக்கத்தைத் திருப்பினாள்.

நடுவில் ஒரு இடம். பேய்க்குச் சுவரைத் துளைத்துக்கொண்டு வரத் தெரியும். பூட்டு அவனை ஒன்றும் செய்யாது. இருந்தும் மழையில் ஜன்னலுக்கு வெளியே நின்று, உள்ளே வரலாமா என்கிறான். அந்தப் பெண் இன்றைக்கு வேண்டாம் என்கிறாள். சரி என்று நின்றுகொள்கிறான்.

அவள் அந்தப் பக்கத்தை மறுபடி படித்தாள். லாரி ஓட்டின புருஷனும் சரி, அதற்கு முந்தி அப்பனும் சரி, கதவை உதைத்துத்தான் உள்ளே வந்தார்கள். பெண்பிள்ளைகள் ஏன் தூங்காமல் படிக்கிறார்கள் என்று கொஞ்சம் பிடிபட்டது. பிடிபட்டதே பிடிக்கவில்லை. இப்படி ஒருத்தன் இருப்பான் என்று நம்பவைத்துக் கவிழ்க்கப் பார்க்கிறானோ இந்த எழுத்தாளன்?

சாயங்காலம் புத்தகத்தை மகள் பக்கம் தள்ளினாள்.

"நரியை நம்பாதேன்னு அந்தக் கதைப் பொண்ணுகிட்ட சொல்லு."

மகள் மூன்று நாளைக்கு அப்புறம் வாயைத் திறந்தாள். "நீயும் பேய்க் கட்சியா?"

"நான் ஒரு கட்சியும் இல்ல. நாலாம் பாகம் எங்க?"

"தரேன். முதல்ல நீ அவர்கிட்ட பேசிட்டு வா."

திங்கட்கிழமை வந்தது, அந்த வாரமும் போனது. பேய் வேலையை விடவில்லை. ஆனால் தட்டுவதை விட்டுவிட்டான். தள்ளுவண்டியை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு, ரோலர் வருவதற்குள் போய்விடுகிறான். மடிக்கிற பெண்கள் அவனைக் கண்டால் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொள்கிறார்கள். "அதெல்லாம் ஒண்ணுமில்லடி, நான்தான் தப்பா எடுத்துக்கிட்டேன்" என்று லொடலொடவிடம் சொல்லிப் பார்த்தாள். "பொண்ணு மானத்துக்காக மூடி மறைக்கிற, புரியுது ரோலரு" என்று அவள் கண்ணைச் சிமிட்டினாள். காதோடு சொன்னது எடுபடவில்லை. எல்லோருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். அதற்கு, செத்துப்போன ஒரு பையனின் கதையைக் கேட்டு உயிரோடிருக்கிறவன் சட்டையைப் பிடித்தேன் என்று சொல்ல வேண்டும். சிரிப்பார்கள். நரி வருஷக்கணக்காய்ச் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு நாள் சீக்கிரமே கிளம்பிப் போனாள். கொதிகலன் அறைக் கதவு திறந்திருந்தது. அவன் முதுகைக் காட்டியபடி சாம்பலை வாரிக்கொண்டிருந்தான். நிலையில் தட்டக் கையைத் தூக்கினாள். தோள் சுரீர் என்றது. தோள்வலிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

நாலாம் பாகம் மகளின் படுக்கைக்கு அடியில் இருக்கிறது. ரோலர் தொடவில்லை. கொதிகலன் பார்க்கிறவனுக்கு அவள் ஒரு மன்னிப்பு பாக்கி வைத்திருக்கிறாள். அத்தனை பேர் முன்னால் திட்டியதற்கு, அதே அத்தனை பேர் முன்னால் கேட்க வேண்டிய மன்னிப்பு.