முன்வாசலுக்குப் போன ஊதாப்பூ

இரவு டூட்டி முடிந்து வந்த நர்சம்மா, குடியிருப்பின் பின்பக்கத்தைப் பார்த்ததும் கைப்பையைக் கீழே போட்டாள். மரத்தடி மொட்டையாகக் கிடந்தது. வேர்களுக்கு நடுவே வெறும் குழிகள்.

லேசுப்பட்ட இடமா அது? மழை கொட்டினாலும் மேலே இருக்கும் இலைக்கூட்டம் கீழே சொட்டு விடாது. தப்பி விழுந்ததையும் மரத்தின் வேர் உறிஞ்சிவிடும். புல்கூட முளைக்காத அந்த மண்ணை இரண்டு வருடமாகக் கெஞ்சிக் கூத்தாடி வழிக்குக் கொண்டுவந்திருந்தாள். வேரை வெட்டாமல், வேருக்கும் வேருக்கும் இடையே சந்து தேடி, சின்ன நாற்றுகளாக நட்டாள். உதிர்ந்த சருகை யாரையும் கூட்டவிடாமல் மண்ணுக்குப் போர்வையாக்கினாள். கிளையில் தண்ணீர் பாட்டில்களைத் தொங்கவிட்டு, ஆஸ்பத்திரியில் தேதி முடிந்து ஒதுக்கிய டிரிப் குழாய்களை மாட்டிச் சொட்டுச் சொட்டாக இறக்கினாள். மரத்துக்குக் குளுக்கோஸ் ஏறுகிறது என்று மாடிப்படியெல்லாம் சிரிப்பு. அதிகம் சிரித்தவர் குடியிருப்போர் சங்கத்துச் செகரட்டரி. இந்த வருடம்தான் ஊதாப்பூ தரையோடு தரையாகப் பாய் விரித்தது. சிரித்த வாய்கள் மூடின.

செடிகளைத் தேட வேண்டியிருக்கவில்லை. முன்வாசலில், சுள்ளென்ற வெயிலில், புதுத் தொட்டிகளில் நின்றன. பாதி இலை அதற்குள் துவண்டிருந்தது. மாலையில் சங்க ஆண்டுவிழா. வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று செகரட்டரி ஆள் வைத்துத் தோண்டியிருந்தார். இவ்வளவு அழகு இருட்டில் வீணாகிறதே என்று அவருக்கு மனசு கேட்கவில்லையாம். வெயில் பட்டால் இன்னும் பூக்குமாம். ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று, அங்கே விழா மேடை போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் நர்சம்மா கேட்டதற்கு, பொது இடத்துச் செடிக்கு யாரைக் கேட்பது என்றார்.

"நான் நட்டப்பவும் அது பொது இடந்தானே சார்? அப்ப ஒரு சொம்பு தண்ணி ஊத்துனீங்களா?"

"கோபப்படாதீங்கம்மா. நாலு பேரு பார்க்கத்தானே பூ?"

"பார்க்கணும்னா நாலு எட்டு வச்சுப் பின்பக்கம் வரட்டும். நிழல்ல வளர்ந்ததைக் கொண்டாந்து வெயில்ல நிக்கவச்சுட்டு, செத்துப்போனா செடி சரியில்லைன்னு சொல்வீங்க."

விழா முடியட்டும், நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்றார். நாளைக்குச் செடி இருந்தால்தானே? நர்சம்மா ஒரு தொட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அடுத்த தொட்டியைத் தூக்கியது, வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த செகரட்டரியின் மனைவி. கணவர் பக்கம் அவள் திரும்பக்கூட இல்லை.

"வீட்டுலயும் இதே கூத்துதான் அக்கா. ஒண்ணு ஒரு இடத்துல நல்லா இருந்தா இவருக்குக் கை சும்மா இருக்காது."

இருவருமாக எல்லாவற்றையும் மரத்தடிக்கே கொண்டுவந்து திரும்ப நட்டார்கள். பிறகு நர்சம்மா பூக்களைக் கிள்ள ஆரம்பித்தாள். பாவம் அக்கா, பூவையாவது விடக் கூடாதா என்றாள் செகரட்டரியின் மனைவி. அடிபட்ட வேர் பூவுக்கும் சேர்த்து உழைத்தால் செடி பிழைக்காது என்றாள் நர்சம்மா. ஒரு பூ மிச்சமில்லாமல் கிள்ளி முடித்தபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அழவில்லை. பூக்களை மடியில் அள்ளிக்கொண்டு நேரே விழா மேடைக்குப் போய், செகரட்டரியின் மேஜைமேல் கொட்டினாள்.

"இந்த வருஷத்துப் பூ முடிஞ்சுது சார். வச்சுக்குங்க."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தூங்கப் போனாள்.