வெள்ளை நாற்காலிகள்

என் கணவர் ஹாஜா மொய்தீன் இறந்த அன்று, எங்கள் கடையின் வெள்ளை நாற்காலிகள் எங்கள் வாசலுக்கே வந்து இறங்கின. கடை ஆட்கள் பதற்றத்தில் கையில் அகப்பட்டதை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். உள்ளே பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த என் காதில், தெருவில் நாற்காலிகளைப் பிரித்துப் போடும் சத்தம் விழுந்தது. ஊதா நாற்காலி பழையது, இழுத்தால் கரகரக்கும். இது வழுக்கிக்கொண்டு போனது. வெள்ளையை இறக்கிவிட்டார்களே என்று நினைத்தேன். அன்று முழுக்க நான் நினைத்தது அது ஒன்றுதான். அழுகை வரவில்லை. பின்னாலும் வரவில்லை.

கடையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். குமணன்சாவடியில் எங்களுக்கு வாடகை சப்ளை கடை இருக்கிறது. பந்தல், பிரியாணி ஆக்கும் தேக்சா, மேசை, நாற்காலி, மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் ராஜா சோபா எல்லாம் கொடுப்போம். விசேஷத்துக்கு வெள்ளை நாற்காலி, துக்க வீட்டுக்கு ஊதா. இரண்டும் கலக்கக் கூடாது. போனில் யார் கூப்பிட்டாலும் என் கணவர் முதலில் கேட்பது, விசேஷமா, துக்கமா என்பதுதான். எத்தனை, எந்த இடம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம். எங்கள் மார்க்கத்தில் சகுனம் கிடையாது. ஆனால் நாற்காலி எடுப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் அது உண்டு. அதனால் அவர் எல்லோருக்கும் வாக்கு கொடுத்திருந்தார். பதினைந்து வருஷமாக அந்த வாக்கின் பேரில்தான் கடை ஓடியது.

இத்தாவில் உட்கார்ந்தேன். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல் வீட்டோடு இருக்க வேண்டும். வெள்ளைச் சேலை கட்டி பூந்தமல்லி வீட்டின் உள்ளறையில் இருந்தேன். வாசற்படியில் ஒரு திரை தொங்கியது. சாப்பாட்டில் உப்பு இருந்ததா இல்லையா என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மூன்றாம் நாளே கடையைத் திறந்துவிட்டார்கள். அவருடைய தம்பி முஸ்தகீம் கல்லாவில் உட்கார்ந்தான். அவன் அதுவரை தேக்சா வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன், கெட்டவன் இல்லை. ஜமாஅத் பெரியவர்கள் இரண்டு பேரை வைத்துப் பேசி, போர்டில் என் பெயரைப் போடுவது, வேலையை அவன் பார்ப்பது என்று முடிவு செய்திருந்தார்கள். முடிவான பிறகு எனக்குச் சொன்னார்கள். நான் சரி என்றேன்.

தினமும் இரவில் இஷா தொழுதுவிட்டு வந்து திரைக்கு அந்தப் பக்கம் நிற்பான். இன்றைக்கு இன்ன இடத்துக்குப் பந்தல் போனது, இன்ன இடத்திலிருந்து தேக்சா திரும்பியது என்று சொல்வான். நான் சரி என்பேன். போய்விடுவான்.

என் மகள் உஸ்மா அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வெளிநாட்டு டிவி நிகழ்ச்சிகளுக்குக் கீழே தமிழில் எழுத்து போடுகிற கம்பெனி. எனக்காக வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கியிருந்தாள். அப்போது அவளிடம் இருந்தது ஐரோப்பாவில் ஏதோ ஒரு குளிர் நாட்டு ராணியின் கதை. அந்த நாட்டின் பெயர் என் வாயில் நுழையவில்லை. பிறந்ததிலிருந்து கிழவியாகும் வரை ஏழெட்டு பாகம். லேப்டாப்பை என் கட்டில் ஓரத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்வாள். வார்த்தை கிடைக்காதபோது என்னைக் கேட்பாள். நான் வந்தவாசியில் பத்தாவது வரை தமிழில் படித்தவள். கேட்டதற்குச் சொல்வேன், அவ்வளவுதான்.

அந்த ராணியின் அப்பா இறந்தபோது அவள் எங்கோ படகில் இருந்தாளாம். சேதி வருவதற்கு முன்பே அவள் ராணியாகிவிட்டாள். ராஜாவின் நாற்காலி ஒரு நிமிஷம்கூட காலியாக இருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். கரையில் இறங்கியபோது எல்லோரும் தலை குனிந்தார்கள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. உஸ்மா அந்த இடத்தை நிறுத்தி நிறுத்தி மூன்று தடவை ஓட்டினாள். எனக்கு அந்த முகம் தெரிந்த முகமாக இருந்தது.

பிறகு அவள் ஆட்சி. ஆட்சி என்றால், வாராவாரம் பிரதம மந்திரி வந்து நடந்ததைச் சொல்வார். அவள் கேட்டுக்கொள்வாள். கொண்டுவந்து வைத்த காகிதத்தில் கையெழுத்துப் போடுவாள். நாணயத்தில் அவள் தலை, தபால் தலையில் அவள் தலை. முடிவெடுப்பது மட்டும் வேறு ஆட்கள்.

"ம்மா, முஸ்தகீம் சாச்சாவும் நீங்களும் மாதிரியே இருக்கு," என்றாள் உஸ்மா.

வேலையைப் பார் என்றேன்.

ஆனால் மூன்று விஷயம் ராணிக்கு உண்டாம். என்ன நடக்கிறது என்று கேட்கலாம். நல்லது என்று தட்டிக்கொடுக்கலாம். தப்பாகத் தெரிந்தால் எச்சரிக்கலாம். மூன்றாவதற்கு என்ன வார்த்தை போடலாம் என்று உஸ்மா கேட்டபோது, எச்சரிக்கை என்றே போடு என்றேன்.

கடைசி பாகத்தில் கிழவியாகிவிட்ட ராணியைப் பேட்டி எடுத்தார்கள். இத்தனை வருஷத்தில் வருத்தம் ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். ஒரு தீவில் இருந்தவர்களை வீடு வாசலோடு கிளப்பி வேறு இடத்துக்கு அனுப்பினார்கள், அது தப்பென்று எனக்குத் தெரியும், பிரதம மந்திரி வந்து சொன்னபோது அப்படியா என்று மட்டும் சொன்னேன் என்றாள். சொல்லியிருந்தாலும் அனுப்பியிருப்பார்கள், ஆனால் நான் சொல்லவில்லை என்றாள். பிறகு தேநீரை எடுத்துக் குடித்தாள்.

அன்று இரவு முஸ்தகீம் வந்தான். அடுத்த நாள் திருமழிசை மண்டபத்தில் ஏகாம்பரம் ஐயா கடைசிப் பெண்ணின் ரிசப்ஷன், மேடைக்கு ராஜா சோபா போகிறது, கீழே வெள்ளை நாற்காலி போகிறது என்றான்.

ஏகாம்பரம் ஐயா ஆவடிக்காரர். மூத்த பிள்ளைகள் இரண்டு பேர் கல்யாணத்துக்கும் எங்கள் நாற்காலிதான். ஒவ்வொரு தடவையும் கடைக்கு நேரில் வந்து, பாய், துக்கத்துக்குப் போனது இல்லையே என்று கேட்பார். என் வாக்கு ஐயா என்பார் என் கணவர். இவர் இறந்த அன்றும் வந்து, மையத்தை அடக்கத்துக்கு எடுக்கும் வரை எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தாராம்.

எனக்கு அந்த வழுக்கும் சத்தம் மறுபடியும் கேட்டது. சரி என்ற வார்த்தை வாய் வரை வந்து நின்றது.

"எந்த வெள்ளை?" என்றேன்.

இத்தனை நாளில் நான் ஒரு கேள்வி கேட்டதில்லை.

"எந்த வெள்ளன்னா? நம்ம வெள்ளதான்."

"உங்க அண்ணன் மவுத்துக்கு வாசல்ல போட்டது அதுதானே?"

"அது எல்லாத்தோடயும் கலந்து போயாச்சு அண்ணி. எது வந்துச்சு, எது வர்லன்னு யாரு கண்டா?"

"அப்ப எல்லாமே அதுதான்."

அவன் சிரித்தான். கோபத்தில் வருகிற சிரிப்பு. "நம்ம மார்க்கத்துல சகுனம் கீதா இன்னா? பள்ளிவாசல்ல அசரத்து ஜும்மாவுல கத்துகினே கீறாரு."

"நமக்கு இல்ல. ஏகாம்பரம் ஐயாவுக்கு இருக்கு. உங்க அண்ணன் அவருக்கு வாக்கு குடுத்துருக்காரு."

"அண்ணன் குடுத்தாரு. அண்ணன்தான் இப்ப இல்லியே."

"கடை இருக்குல்ல."

உஸ்மா லேப்டாப்பை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். முஸ்தகீம் குரலை இறக்கிக்கொண்டு, வெள்ளை முழுவதையும் ஒதுக்கினால் விசேஷத்துக்கு அனுப்ப நாற்காலியே இருக்காது, கடையை மூட வேண்டியதுதான் என்றான். அவன் சொன்னது நியாயம். கரையான்சாவடியில் போட்டிக் கடை வைத்திருக்கும் சம்பத்திடம் நாளைக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் புதிது வாங்கலாம் என்றேன். சம்பத்திடம் போய் நிற்பதா என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

"போர்டுல உங்க பேரு, வேலைய நான் பாக்கறது. இதான பேச்சு?"

"அந்தப் பேச்சுல நான் இல்லையே, முஸ்தகீம். திரைக்கு இந்தப் பக்கம் இருந்தேன்."

"ராணி படம் பாத்துகினு ராணியாவே ஆயிட்டீங்க போல."

அதற்கு எனக்குக் கோபம் வரவில்லை. எதுவும் வரவில்லை. என் குரல் யாரோ பக்கத்து வீட்டுக்காரி பேசுவது மாதிரி எனக்கே கேட்டது.

"நாளைக்கு வெள்ளை வண்டி ஏறுச்சுன்னா நான் ஏகாம்பரம் ஐயாவுக்கு போன் பண்ணி சொல்லிருவேன். முன்னாடியே சொல்லிடறேன். அப்புறம் சொல்லலன்னு சொல்லாத."

செருப்பை மாட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. வண்டி கிளம்பியது. ஐயாவுக்கு போன் பண்ணினால் கடையின் பெயர் என் கையாலேயே கெடும் என்பது எனக்கும் தெரியும். உஸ்மா தட்டில் சாதம் போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். சாப்பிட்டேன்.

காலையில் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உஸ்மாவைக் கடைக்கு அனுப்பினேன். வெகு நேரம் கழித்துத்தான் கூப்பிட்டாள். சம்பத்தின் வண்டி திருமழிசைக்குப் போய்விட்டதாம். எங்கள் ராஜா சோபா மட்டும் தனி வண்டியில் போயிருக்கிறது. முஸ்தகீம் குடோனில் இருக்கிறானாம். வெள்ளை நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் திருப்பி நிறுத்தி, முதுகில் ஊதா பெயிண்டால் ஒரு பட்டை இழுக்கிறானாம். ஆட்களை விடவில்லை, அவனே செய்கிறான்.

"நான் போய் நின்னேன், ம்மா. சாச்சா பேசல. திரும்பிக்கவும் இல்ல. அத்தா உக்காருவாங்களே அந்த ஸ்டூல்ல உக்காந்துருக்காங்க. கண்ணு செவந்துருக்கு. பெயிண்ட் நெடியான்னு தெரியல."

சரி, நீ வந்துவிடு என்றேன்.

அன்று இரவு அவன் வருவானா என்று தெரியவில்லை. இஷா பாங்கு சொல்லி, தெருவில் தொழுதவர்கள் திரும்பும் பேச்சும் அடங்கியது. உஸ்மா அந்த ராணி வேலையை அனுப்பி முடித்துவிட்டாள். அடுத்து ஏதோ மீன்களைப் பற்றியது என்றாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. திரையின் கீழே அவன் கால்கள் தெரிந்தன. பெருவிரலில் ஊதா பெயிண்ட் ஒட்டியிருந்தது. சம்பத் டீ வாங்கிக் கொடுத்தான், ஒன்றும் கேலி பேசவில்லை என்றான். ஏகாம்பரம் ஐயா உங்களை விசாரித்தார் என்றான். பிறகு சும்மா நின்றான். வழக்கமாக இதற்குள் போய்விடுவான்.

"அயனம்பாக்கத்துலேர்ந்து ஒரு போன் வந்துச்சு அண்ணி. ஏரிக்கரையாண்ட ஊடு. நாளைக்கு நாற்காலி கேக்கறாங்க." தொண்டையைச் செருமிக்கொண்டான். "இன்னும் ஒத்துக்கல. அனுப்பட்டா?"

எனக்குச் சந்தோஷம் எதுவும் இல்லை. கால் மரத்துப் போயிருந்தது. சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு திரைக்குக் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தேன்.

"விசேஷமா, துக்கமா?" என்று கேட்டேன்.