பாதி படித்த மாப்பிள்ளை

என் தம்பி மகள் இளவேனில் கெர்னலுக்கு நிரல் எழுதுகிறாள். கம்ப்யூட்டரின் அடித்தளத்தில் இருந்துகொண்டு, கணக்குப் போடும் பிராசஸர்களுக்கு எல்லா வேலையையும் பங்கிட்டுக் கொடுப்பது அது. உலகெங்கும் பலர் சேர்ந்து எழுதும் அந்த நிரலுக்கு அவள் ஒரு திருத்தம் அனுப்பினாள். அதன் கீழே, அத்தனை பேரும் படிக்கும் இடத்தில், ஒருவன் "இது தவறு, சேர்க்கக் கூடாது" என்று எழுதியிருந்தான். எங்கள் குடும்பத்தைப் பார்த்து அப்படிச் சொல்லப் புத்தூரில் ஆள் கிடையாது. எழுதியவன், ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வரவிருந்த ஸ்ரீரங்கத்து வளவன் என்று தெரிந்தபோது, பொருத்தம் பார்த்துக் கொடுத்த ஜோதிடரை மனதாரப் பாராட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் காவிரிப் பாலம் தாண்டி வந்து சேர்ந்தார்கள். எங்கள் வழக்கப்படி பெண்ணும் பையனும் நேரே பேசுவதில்லை, பெரியவர்கள்தான் பேசுவோம். ஆகவே கெர்னலைப் பற்றியும் நாங்களே பேசினோம்.

வளவனின் அப்பா வெள்ளைச்சாமி, பாத்திரக்கடைக்காரர், தொண்டையைச் செருமினார். "வேலை நடுவுல வேற பிராசஸருக்கு மாறிட்டா என்னங்க செய்வீங்கன்னு பையன் கேக்கறான்."

அடுக்களை வாசலில் நின்றவளிடம் போய்க் கேட்டு வந்தேன். "நடுன்னே ஒண்ணு இல்லைன்னு சொல்றா."

அவர் மகன் பக்கம் குனிந்தார். "நடுப்பகுதிய இன்னும் எழுதலையாம்டா."

இப்படி மேலும் சில நடை நடந்தேன். காபி ஆறியது. கடைசியில் இளவேனிலே கூடத்துக்கு வந்துவிட்டாள்.

"நீங்க உக்காருங்க பெரியப்பா" என்றவள் வளவனைப் பார்த்தாள். "ஒவ்வொரு பிராசஸருக்கும் தனித்தனி டேட்டா, ஆளுக்கொரு டம்ளர் மாதிரி. பழைய முறையில முதல்ல இது யார் டம்ளர்னு பாக்கணும், அப்புறம் ஊத்தணும். அதுக்குள்ள வேலை வேற பிராசஸருக்கு மாறிட்டா, அடுத்தவன் டம்ளர்ல ஊத்திடுவோம். அதனால மாறவிடாம தடுத்து வச்சுட்டு ஊத்தினோம். அந்தத் தடுக்கறதும் விடறதும்தான் நேரத்தைத் தின்னுச்சு. நான் பாக்கறதையும் ஊத்தறதையும் ஒரே கட்டளையாக்கிட்டேன். அதைப் பாதியில நிறுத்த முடியாது. எங்கங்க நடு?"

"எல்லா வகை பிராசஸர்லயும் அப்படி ஒரே கட்டளை கிடையாதுங்களே?"

"இல்லாததுக்குப் பழைய முறையே ஓடும். திருத்தத்தோட ரெண்டாவது பகுதியில இருக்கு. படிச்சீங்களா?"

வளவன் கேசரித் தட்டைப் பார்த்தான். "முதல் பகுதியோட நிறுத்திட்டேங்க."

பாதி படித்துவிட்டு முழுத் தீர்ப்பு எழுதும் திறமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

வெள்ளைச்சாமி சமாதானத்துக்கு வந்தார். "விடும்மா, நாளைக்கு ஒரே குடும்பம். நீயே அதை வாபஸ் வாங்கிடு. மாப்பிள்ளை சொன்னது தப்புன்னு ஊரே பாத்தா நல்லாவா இருக்கும்?"

"ரொம்ப நியாயம்ங்க" என்றேன். "உங்க பையன் கௌரவத்துக்கு எங்க பொண்ணு மூளைய சீரா வைக்கணும். வெள்ளித்தட்டுல வைக்கவா, உங்க கடை எவர்சில்வரே போதுமா?"

"வாபஸ் வாங்க மாட்டேங்க" என்றாள் இளவேனில்.

"வேணாம்ப்பா, தப்பு என்னுது" என்று எழுந்தான் வளவன். "நானே எழுதிடறேன்."

"எங்க தப்புன்னு சொன்னீங்களோ, அங்கயே எழுதுங்க" என்றாள் அவள்.

வெள்ளைச்சாமி வெற்றிலையைக்கூடத் தொடாமல் கிளம்பினார்.

சாயங்காலம் திருத்தத்தின் கீழே பதில் வந்திருந்தது: "இரண்டாம் பகுதியைப் படிக்காமல் சொன்னது என் பிழை. திருத்தம் சரி. சேர்க்கலாம். வளவன்."

இளவேனில் அதை எனக்குப் படித்துக் காட்டினாள். "சரின்னு சொல்லிடுங்க பெரியப்பா."

"திருத்தத்துக்கா, மாப்பிள்ளைக்கா?"

"திருத்தத்துக்கு உங்க சம்மதம் எதுக்கு?"

சற்று நேரத்தில் வெள்ளைச்சாமி போன் செய்து, என்ன முடிவு என்று கேட்டார். வீட்டில் கலந்து பேசி நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். ஒரு ராத்திரி காத்திருக்கட்டும். பொதுவில் பேச்சு வாங்கிய வீடு இது.