வழவழப்புத் தாள்

மூத்த மருமகள் வேலை பார்த்த இடத்தில் சான்றிதழ்களில் பெயர் எழுதுவார்கள். பயிற்சி நிலையங்களிலிருந்து கட்டுக்கட்டாக வரும். மைப்பேனாவால் பெயரை மட்டும் அழகாக எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கே ஒரு நாற்காலி காலியானது தெரிந்ததும் இளைய மருமகளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் அவளுக்கு. அந்த நாற்காலி கிடைத்தால் அடுப்படியை விட்டு வெளியே வரலாம். அவள் வெளியே வந்தால் உள்ளே போகவேண்டியது யார் என்று மூத்தவளுக்குத் தெரியாதா என்ன?

"பழகிப் பாரு" என்று அவளே தாள் கொண்டுவந்து கொடுத்தாள். பொட்டலம் கட்டுகிற சொரசொரப்புத் தாள். பட்டினி கிடந்தவன் கஞ்சியைக் கண்டதுபோல மையைக் குடித்துவிடும்.

"எழுத்துக்கெல்லாம் மீசை மொளைக்குதே அக்கா" என்றாள் இளையவள்.

"அழுத்தாம எழுது. எழுதின கையோட குப்புறப் போட்டு அடுக்கிடு. மேஜை சுத்தமா இருந்தாத்தான் மேனேஜருக்குப் பிடிக்கும்."

இளையவள் அப்படியே பழகினாள். எழுதுவதும் கவிழ்ப்பதும் ஒரே அசைவாகிவிட்டது.

சோதனை நாளில் மேனேஜர் கொடுத்தது அசல் சான்றிதழ்கள். கண்ணாடி போல வழவழப்பு. அதில் மை தாமரை இலைத் தண்ணீர்தான். உள்ளே இறங்காது, மேலேயே நிற்கும். ஒற்றுத்தாள் வைத்து ஒற்றிவிட்டு, தனித்தனியாகக் காயவைக்க வேண்டும். ஒற்றுத்தாள் மூத்தவளின் இழுப்பறையில் இருந்தது. அவள் அதை முழங்காலால் தள்ளி மூடினாள்.

முதல் பெயரை எழுதிய இளையவள் தயங்கினாள். "அக்கா, மை பளபளன்னு நிக்குதே?"

"நல்ல தாள்னா மினுக்கத்தான் செய்யும். நேரம் போகுது, அடுக்கு."

அடுக்கினாள்.

மேனேஜர் வந்து மேலிருந்த தாளை எடுத்தபோது அடியிலிருந்ததும் ஒட்டிக்கொண்டு வந்தது. பிரித்தார். பெயர்கள் இழுபட்டு, ஒரு தாளின் முதுகில் இன்னொன்றின் பெயர் இடவலம் மாறிப் பதிந்திருந்தது.

"இது சான்றிதழா, மூக்கு சிந்தின கைக்குட்டையா?" என்றவர் மூத்தவள் பக்கம் திரும்பினார். "வீட்டுல நீங்க ஒண்ணும் சொல்லித் தரலையா?"

"தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன் சார். கேட்டாத்தானே."

இளையவள் வாயைத் திறந்தாள். மேனேஜர் அதற்குள் குப்பைக்கூடையைக் காலால் அவள் பக்கம் நகர்த்தியிருந்தார். தான் எழுதியதையெல்லாம் அவளே கிழித்துப் போட வேண்டியிருந்தது.

சாயங்காலம் தெருவில் இருவரும் நடந்தார்கள். மூத்தவளின் பையையும் இளையவள்தான் சுமந்தாள்.

"வேணும்னேதான் அப்படிச் சொன்னீங்களா அக்கா?"

பதில் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் தடுக்க ஆள் இருப்பது தெரியாவிட்டால் நாளைக்கே இவள் இன்னொரு வாசலில் போய் நிற்பாள் என்று மூத்தவளுக்குத் தோன்றியது.

"ஆமா" என்றாள். "இனிமே எந்த ஆபீஸ் படியேறினாலும் அதை நெனைச்சுக்கோ. எட்டி நட. பாத்திரமெல்லாம் போட்டது போட்டபடி கெடக்கு."