சுவர் பக்கம், கம்பி பக்கம்

மைக்செட் அண்ணனுக்குத் தொண்டை கட்டிக்கொள்ள வேறு நாளே கிடைக்கவில்லை. பல் டாக்டரம்மாவின் கிளினிக்கை இரண்டாம் மாடியிலிருந்து இறக்குகிற நாளாகப் பார்த்துக் கட்டிக்கொண்டது. லாரியிலிருந்து இறங்கி வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. வீடு, கடை, ஆபீஸ் எல்லாம் மாற்றித் தருகிற எங்கள் கம்பெனியில் அவர் சுமை தூக்குபவர் இல்லை, குரல் கொடுப்பவர். நாலு பேர் சேர்ந்து ஒரு கனத்தைப் படியில் இறக்கும்போது எப்போது கால் வைப்பது, எந்தப் பக்கம் சாய்ப்பது, எங்கே நிற்பது என்று ஒருவர் சொல்ல வேண்டும். ஒருவர் மட்டும்தான் சொல்ல வேண்டும். அவர் 'நில்லு' என்றால் தெருவில் போகிற சைக்கிள்காரரும் பிரேக்கைப் பிடிப்பார்.

நான் அதே கம்பெனியில் ஆறு வருஷம் போன் எடுத்தவள். பீரோவில் கீறல், கண்ணாடியில் விரிசல் என்று வருகிற புகார்களைப் படிவத்தில் எழுதுவது, தூக்கிய ஆட்களைக் கூப்பிட்டு விசாரிப்பது, இதுதான் வேலை. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பாடத்திலும் முதலாவதாக வந்தவள். ஆனால் பஸ்ஸில் 'கொஞ்சம் வழி விடுங்க' என்று சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிற ரகம். "எங்க வீட்டுப் பொண்ணு இருக்கிற எடமே தெரியாது" என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். கேட்டுக் கேட்டு நானும் அதைப் பெரிய பட்டமாக வைத்துக்கொண்டிருந்தேன். நாசமாய்ப் போன பட்டம்! எனக்குப் பிறகு சேர்ந்த மூன்று பேர் எனக்கு மேலே போய் உட்கார்ந்த பிறகுதான் புத்தி வந்தது. என்னிடமும் ஒரு குழுவைக் கொடுங்கள் என்று முதலாளியிடம் கேட்க நாலு மாதம் பிடித்தது. அவர் சிரிக்கவில்லை. "ரெண்டு வாரம் பாரும்மா" என்றார். அன்றைக்கு இரண்டாவது வாரத்தின் கடைசி நாள்.

அலமாரி, பெட்டி, மேஜை எல்லாம் மதியத்துக்குள் லிஃப்டில் இறங்கிவிட்டன. நாற்காலி மட்டும் மிச்சம். நோயாளியைப் படுக்க வைத்து வாயைத் திறக்கச் சொல்வார்களே, அந்த நாற்காலி. அதன் கைகளைக் கழற்றிய பிறகும் இருநூறு கிலோ. லிஃப்டுக்குள் அது நுழையாது. மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் புது இடத்தில் அதில் ஒருவர் பல் வலியோடு வந்து படுக்கப்போகிறார் என்று டாக்டரம்மா மூன்று தடவை சொல்லிவிட்டார்.

முதலாளிக்கு விஷயம் போயிருந்தது. போன் வந்தது. "மைக்செட்டுக்குக் கொரல் இல்லன்னா விட்டுரும்மா. நான் எப்படியாவது நாளைக்கு வேற ஆளுங்கள அனுப்புறேன். நீ திங்கக்கெழமை ஆபீஸ்லயே வந்து உக்காந்துக்க."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. பாவம் பார்த்துச் சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இன்னிக்கே எறக்கிடுறோம் சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பட்டையைக் கட்டித் தூக்கினோம். தூக்கினோம் என்றா சொன்னேன்? தூக்கினார்கள். மேல் படியில் அண்ணன் தம்பி இருவர், கீழே பார்த்தபடி. கீழ்ப் படியில் நெட்டை என்று நாங்கள் கூப்பிடுகிறவரும், போன மாதம் கல்யாணமான மாப்பிள்ளையும், மேலே பார்த்துப் பின்னடி வைத்தபடி. அவர்களுக்கும் கீழே நான். எல்லாருக்கும் மேலே, பழக்க தோஷத்தில், மைக்செட் அண்ணன்.

படி திரும்புகிற இடம் வரைக்கும் சரியாகத்தான் வந்தது. அங்கே, "அப்படியே இடது பக்கம் திருப்புங்க" என்றேன். மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற குரல். மேலே இருந்த இருவரும் தங்கள் இடது பக்கம் திருப்பினார்கள். கீழே இருந்தவர்களின் இடதோ எதிர்ப்பக்கம். போதாததற்கு, அவர்கள் கண்ணுக்கு நேரே மைக்செட் அண்ணன் இரண்டு கையையும் வீசி வேறு ஏதோ காட்டினார். நாற்காலி முறுக்கிக்கொண்டது. அடித்தகடு சுவரில் இடித்துக் காரை உதிர்ந்தது. கைப்பிடிக் கம்பிக்கும் நாற்காலிக்கும் நடுவில் மாட்டிய கையை மாப்பிள்ளை உருவிக்கொண்டார். விரல் முட்டியில் தோல் உரிந்திருந்தது.

திருப்பத்தில் இருந்த சின்னத் தளத்தில் எப்படியோ இறக்கி வைத்தார்கள்.

"அக்கா, கல்யாண ஆல்பமே இன்னும் வரல. அதுக்குள்ள வெரலை எடுத்துடாதீங்க" என்றார் மாப்பிள்ளை. யாரும் சிரிக்கவில்லை. அவருக்கே சிரிப்பு வரவில்லை.

போனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டுவிடலாமா என்று நினைத்தேன். அப்போதுதான் அந்தப் படிவங்கள் ஞாபகம் வந்தன. 'சேதம் எங்கே ஏற்பட்டது?' என்ற கட்டத்தில் 'படித் திருப்பத்தில்' என்று எத்தனை தடவை எழுதியிருப்பேன்! விசாரித்தால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: என் இடது இதுதானே மேடம். மைக்செட் அண்ணன் குழுவிலிருந்து மட்டும் அப்படி ஒரு படிவம் வந்ததே இல்லை. அவர் ஒரு நாளும் இடது வலது என்று சொல்ல மாட்டார். 'சுவர்' என்பார், 'கம்பி' என்பார். "பாவம், இந்த மனுஷனுக்கு இடது கை வலது கைகூடத் தெரியாது" என்று ஆபீசில் உட்கார்ந்து சிரித்தவள் நான். எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் சுவர் சுவர்தான், கம்பி கம்பிதான். இது என் மண்டையில் ஏற ஆறு வருஷமும் ஒருவர் விரல் தோலும் தேவைப்பட்டிருக்கிறது. வெட்கமாக இருந்தது.

நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"அண்ணே, உங்க கிட்ட நான் ஒரு மன்னிப்புக் கேக்கணும். அத அப்புறம் கேக்கறேன். இப்ப ரெண்டு கையையும் பாக்கெட்ல போட்டுக்குங்க."

இருபது வருஷமாகக் குரல் கொடுக்கிற மனிதர். நெட்டை தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். மைக்செட் அண்ணன் என்னை முறைத்தார். பிறகு ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டார்.

"இன்னொண்ணும்ணே."

விட்டார்.

நாலு பேரிடமும் ஒவ்வொருவராகக் கேட்டேன், யாருக்கு எங்கே கனம் இழுக்கிறது என்று. தம்பிக்காரர் தயங்கித் தயங்கி, முதுகுப்பலகை தன் மணிக்கட்டில் ஏறுகிறது என்றார். "அப்பவே சொல்ல வேண்டியதுதானே?" என்றார் அவருடைய அண்ணன். "யாரு கேட்டா?" என்றார் தம்பி. இருவரையும் பக்கம் மாற்றினேன். பட்டையை ஒரு சுற்று இறுக்கச் சொன்னேன். மாப்பிள்ளையின் விரலில் கைக்குட்டையைக் கட்டினேன்.

"தூக்கு!"

முதல் 'சுவர்' பாதித் தொண்டையில் நின்றது. இரண்டாவது, அடி வயிற்றிலிருந்து வந்தது. "சுவர் பக்கம்! இன்னும்! நில்லு! கம்பி பக்கம் ஒரு விரக்கடை! கீழ்க்கால்!" இப்படி ஒரு குரல் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. ஒரு தடவை நாற்காலி முன்பக்கம் சாய்ந்தபோது என் கை தானாக அதைப் பிடிக்கப் போனது. இழுத்து முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டேன். நான் பிடித்தால் எட்டுக் காலையும் யார் பார்ப்பது? "நில்லு! மேல் ஆளுங்க இழுத்துப் பிடி!" பிடித்தார்கள். நிமிர்ந்தது. முதல் மாடியில் ஒரு கதவு திறந்து, "ஐயோ, என்னாச்சு?" என்றார் ஒரு அம்மா. "ஒண்ணும் ஆகலங்க, எறங்கிட்டிருக்கோம்" என்று அதே குரலில் கத்தினேன். படக்கென்று கதவைச் சாத்திக்கொண்டார். நான் இருக்கிற இடம் அந்தக் கட்டடம் முழுக்கத் தெரிந்தது. அப்பா கேட்டிருக்க வேண்டும்!

கடைசிப் படி. வாசல். வெயில். லாரியின் பலகையில் ஏற்றி, நாலு பக்கமும் கயிறு கட்டிய பிறகுதான் மூச்சு வந்தது. சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு. சுவரில் உதிர்ந்த காரைக்கு நானே படிவம் எழுதுவேன், என் பெயரையும் போட்டு. அதைப் பற்றிக்கூட அந்த நிமிஷம் எனக்குக் கவலையில்லை.

போன் அடித்தது.

"எறக்கியாச்சு சார்!"

"ஏம்மா கத்துற? காதே போச்சு."

"திங்கக்கெழமை எந்த வீடு சார்?"

அந்தப் பக்கம் டைரியின் தாள் புரளும் சத்தம் கேட்டது.

காதில் போனை வைத்தபடியே திரும்பினேன். லாரியின் பின்கதவைத் தூக்கி மாட்ட நாலு பேரும் கை வைத்துத் தயாராக நின்றார்கள். பக்கத்தில் மைக்செட் அண்ணன், இரண்டு கையும் இன்னும் பாக்கெட்டில், என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.