பின்வீட்டு அக்காவுக்குத் தெரியாத செடி

காலையில் எழுந்தான், பல் துலக்கினான், ஒரு ஆளுக்கு மட்டும் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு கொல்லையில் போய் உட்கார்ந்தான். உடனே பின்வீட்டு மாடி ஜன்னல் திறந்தது.

"தம்பி, சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கே!"

மனைவி போனதிலிருந்து அந்த அக்காவின் கண் அவன்மேல்தான். ஒரு காப்பியாவது யார் கண்ணிலும் படாமல் குடிக்க வேண்டும். அதற்காகவே மதிலோரம் செங்கல் வைத்து மேட்டுப்பாத்தி கட்டியிருந்தான். வருஷம் முழுக்க இலை உதிராத உயரச் செடிகளாகக் கொண்டுவரச் செடிக்காரரிடம் சொல்லியிருந்தான்.

அவர் வந்து முதலில் சவுக்கைத் தூக்கி வைத்தார். மறைக்கிறதா என்று யார் சொல்வது? வேறு வழியில்லாமல் அக்காவையே கேட்டான்.

"தலை தெரியுது!" அக்காவுக்கு ஒரே உற்சாகம்.

அடுத்து நெட்டிலிங்கம்.

"கால் தெரியுது! செடிக்காரரே, அடியில இலையே இல்லாததை யார் தலையில கட்டப் பாக்கிறீங்க?"

செடிக்காரர் குரலைத் தாழ்த்தினார். "யாரை மறைக்கிறோம்னு அந்தம்மாவுக்குத் தெரியுமா சார்?"

கடைசியில் அடர்த்தியான மூங்கில். அக்கா ஜன்னலில் பாதி உடம்பு தொங்க எட்டிப் பார்த்தாள்.

"சுத்தமா தெரியல தம்பி. இனிமே சாப்பிட்டியான்னு கத்தித்தான் கேக்கணும்."